‘வாயைத் திறக்க மாட்டேன்’ என்று காவல் நிலையத்தில் சொல்லலாமா?

பிரிவு: பெங்களூரு வாழ் தமிழர் › சட்டம், போலீஸ், அரசு ஆபீஸ்

ஈசிட்டி_பூனை

வணக்கம். என் அக்கா வீட்டுக்காரர் எச்எஸ்ஆர் லேஅவுட்டில் இருக்கிறார். போன மாதம் பழைய கேமரா ஒன்றை ஆன்லைனில் விற்றார். வாங்கியவன் யுபிஐ-யில் 38 ஆயிரம் அனுப்பினான். அது எங்கேயோ யாரையோ ஏமாற்றி அடித்த பணமாம். மாமாவின் வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். இப்போது ஒரு காவல் நிலையத்திலிருந்து ‘போனோடு வாருங்கள், வாக்குமூலம் எடுக்க வேண்டும்’ என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. மேலே பிரிவு 179 என்று போட்டிருக்கிறது.

மாமா பயந்த சுபாவம். ‘நான் வாயே திறக்கப் போவதில்லை, அரசியல் சட்டத்திலேயே அந்த உரிமை இருக்கிறது’ என்கிறார். அக்காவோ, ‘பேசாமல் உட்கார்ந்தால் நீங்கள்தான் திருடன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். மௌனம் சம்மதம் என்று சும்மாவா சொன்னார்கள்’ என்கிறாள். யார் சொல்வது சரி? போன் பாஸ்வேர்டைக் கேட்டால் கொடுத்தே ஆகணுமா?

சில்க்போர்டு_சித்தர்

எச்எஸ்ஆரிலிருந்து கிளம்பி சில்க் போர்டு சிக்னலைத் தாண்டுவதற்குள் வழக்கே முடிந்துவிடும், கவலைப்படாதீர்கள்.

சரி, விளையாட்டு போதும். தப்பு செய்யாதவர் ஏன் பேசாமல் இருக்கணும்? கேமராவை விற்றேன், பணம் வந்தது என்று நடந்ததைச் சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே?

மேயோஹால்_வக்கீல்

பூனை, மாமா, அக்கா இருவருமே பாதி சரி. முதலில் அந்த 179. அது புது நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு, பழைய சட்டத்தில் 160. வழக்கைப் பற்றித் தெரிந்தவரைச் சாட்சியாக அழைப்பது. சந்தேக நபராக அழைத்திருந்தால் 35(3) என்று போட்டிருப்பார்கள். ஆக, இந்த நிமிஷம் வரை மாமா சாட்சிதான். போகாமல் இருக்கக் கூடாது.

மாமா சொல்லும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 20(3). குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி ஆகும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான் அந்த வரி. ஒவ்வொரு சொல்லுக்கும் கோர்ட்டில் மல்லுக்கட்டு நடந்திருக்கிறது. வழக்கு விசாரணை தொடங்கியிருக்கத் தேவையில்லை, எஃப்ஐஆரில் குற்றவாளியாகப் பேர் ஏறினாலே இந்தப் பாதுகாப்பு உண்டு என்று 1954-இல் எம்.பி. சர்மா வழக்கில் 8 நீதிபதிகள் சொன்னார்கள். ‘சாட்சி ஆவது’ என்றால் எது என்பதை 1961-இல் பம்பாய் அரசுக்கும் காத்தி காலு ஓகட் என்பவருக்கும் நடந்த வழக்கில் 11 நீதிபதிகள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். மனதில் இருப்பதை வாயாலோ எழுத்தாலோ வெளியிட வைப்பதுதான் தடை. கைரேகை, கையெழுத்து மாதிரி, கால் தடம் எல்லாம் கேட்டால் கொடுக்க வேண்டும். அவை உங்களிடம் ஏற்கெனவே இருப்பவை, உங்கள் மனதைத் திறந்து காட்டுபவை அல்ல என்பது அவர்கள் வாதம்.

மாமாவுக்கு இப்போது உடனே உதவுவது 20(3) அல்ல, அதே சன்ஹிதாவின் 180(2). போலீஸ் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும், ஆனால் தன் மேலேயே வழக்கு வரக்கூடிய பதில் என்றால் சொல்லத் தேவையில்லை. இது சாட்சிக்கும் உண்டு. எனவே ‘வாயே திறக்க மாட்டேன்’ என்பது கிடையாது. கேள்வி கேள்வியாகப் பார்த்து, ‘இதற்குப் பதில் சொல்ல விரும்பவில்லை’ என்று சொல்லலாம். கேமராவை எங்கே விளம்பரம் போட்டார், யார் வந்து வாங்கிப் போனார்கள் என்பதையெல்லாம் தாராளமாகச் சொல்லட்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. புலன்விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்துப் போடக் கூடாது என்று பிரிவு 181 சொல்கிறது. ‘கீழே ஒரு சைன் போடுங்க சார்’ என்று நீட்டினால் மரியாதையாக அந்தப் பிரிவைச் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் போடவே கூடாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சித்தர் கேட்டது நல்ல கேள்விதான், ஆனால் என் கட்சிக்காரர்களில் அதிகம் மாட்டிக்கொண்டவர்கள் தப்பு செய்யாமலேயே நிறையப் பேசியவர்கள். பதற்றத்தில் தேதியை மாற்றிச் சொல்வார்கள். பிறகு அந்த முரண்பாடே சந்தேகம் ஆகிவிடும்.

ஸ்ரீராம்புரத்தான்

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் அப்பா காவல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் 20(3) பேச ஆரம்பித்தால் ஒரு செயின் பறிப்பைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. கண்ணால் பார்த்தவன் கோர்ட்டுக்கு வந்து பல்டி அடிக்கிறான், சிசிடிவி வேலை செய்வதில்லை, ஆய்வக அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகிறது. அப்புறம் பிடித்து வந்த பையனிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? அடியாத மாடு படியாது என்று ஊரில் சொல்வது எல்லாம் அனுபவத்தில் வந்ததுதான்.

பழைய_பேப்பர்

அந்த அனுபவம் எவ்வளவு பழையது என்று சொல்லட்டுமா? நம் ஊர்க் கதைதான்.

பொதுவாக இந்த உரிமையின் வரலாறு என்றால் இங்கிலாந்தைச் சொல்வார்கள். ஸ்டார் சேம்பர் என்ற நீதிமன்றம் ஆளைப் பிடித்து, என்ன குற்றம் என்றே சொல்லாமல், ‘கேட்பதற்கெல்லாம் உண்மை சொல்வேன்’ என்று சத்தியம் வாங்கும். ஜான் லில்பர்ன் என்ற இளைஞர் 1637-இல் சத்தியம் செய்ய மறுத்தார். அடுத்த ஆண்டு லண்டன் தெருவில் வண்டிக்குப் பின்னால் கட்டிச் சாட்டையால் அடித்துக்கொண்டே போனார்கள். 1641-இல் அந்த நீதிமன்றத்தையே ஒழித்தார்கள். 1791-இல் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வைக்கக் கூடாது என்ற அமெரிக்காவின் ஐந்தாவது திருத்தம். இதற்கெல்லாம் லில்பர்ன்தான் காரணம் என்பதைச் சில ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்வதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் குற்ற வழக்குகளில் வக்கீல்கள் நுழைந்த பிறகுதான் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனால் பேசாமல் இருக்க முடிந்தது என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. தனக்காகப் பேச ஆள் இல்லாதவன் எப்படிச் சும்மா நிற்பான்?

ஆனால் நம் நாட்டுச் சட்டத்தில் இருக்கும் முக்கியமான பாதுகாப்பு லண்டனிலிருந்து அப்படியே வந்ததல்ல. 1855-இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. கம்பெனி ஆட்சியின் குழுவேதான், காங்கிரஸ்காரரோ கம்யூனிஸ்டோ எழுதியதல்ல. நிலவரி வசூலுக்கும் திருட்டு வழக்கில் ஒப்புதல் வாங்கவும் கீழ்மட்டச் சிப்பந்திகள் என்னவெல்லாம் செய்தார்கள் என்று மாகாணம் முழுக்க மனு வாங்கிப் பதிவு செய்தார்கள். அதில் வரும் பெயர்கள் எல்லாம் நம் சொற்கள். கிட்டி: இரண்டு மரக் கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள்: ஆளைக் குனிய வைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி வெயிலில் விடுவது, சில சமயம் முதுகில் ஒரு கல்லும் ஏற்றுவது. கண்ணில் மிளகாய்ப் பொடி. வரி பாக்கி இருந்தவனுக்கும் திருடனுக்கும் ஒரே வைத்தியம். வரி வாங்குகிறவரும் போலீஸ் வேலை பார்க்கிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள்.

இந்த அறிக்கை லண்டன் வரை போய் மானத்தை வாங்கியது. 1861-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தபோது, போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று எழுதினார்கள். 1872-இல் அதுவே சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவாகி, இப்போது புதுச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23-இல் இருக்கிறது. இங்கிலாந்தில்கூட இவ்வளவு கடுமையான விதி கிடையாது. சாட்சியச் சட்டத்தை எழுதிய ஸ்டீபனே பிற்பாடு ஒன்றைப் பதிவு செய்தார்: நிழலில் உட்கார்ந்து ஒருவன் கண்ணில் மிளகாய் தேய்ப்பது, வெயிலில் அலைந்து தடயம் தேடுவதைவிடச் சுகமாயிற்றே என்று இந்தியாவில் வேலை பார்த்த ஓர் அதிகாரி அவரிடம் சொன்னாராம்.

ஸ்ரீராம்புரத்தாரே, உங்கள் அப்பாவைச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் காரணமும் அதே காரணம்தான். வெயிலில் அலைய ஆள் இல்லை, ஆய்வகம் தாமதம்.

ஸ்ரீராம்புரத்தான்

அறிக்கை பற்றி எனக்குத் தெரியாது, நல்ல தகவல். ஆனால் அப்பா பக்கத்தில் இருந்து ஒன்று சொல்லச் சொல்கிறார்: ‘ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் பொருள் எங்கே இருக்கிறது என்று சொன்னால் அது செல்லும்.’ அப்படி ஒரு ஓட்டை இருக்கிறதா?

மேயோஹால்_வக்கீல்

அப்பா கைதேர்ந்தவர். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. புதுச் சட்டத்தில் 23-க்கே ஒரு வரம்புரையாக, அதாவது விதிவிலக்காக, சேர்த்துவிட்டார்கள். காவலில் இருப்பவர் கொடுத்த தகவலால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சேர்ந்த வார்த்தைகள் மட்டும் செல்லும்.

எவ்வளவு மட்டும் என்பதற்கு இன்றும் கோர்ட்டில் சொல்லும் வழக்கு புலுக்குரி கோட்டய்யா, அன்றைய சென்னை மாகாணத்து குண்டூர் பக்கம். சுதந்திரத்துக்குச் சற்று முன்னால், அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனது. குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், ‘நாங்கள் காத்திருந்து அடித்துக் கொன்றோம், ஈட்டியை ஊரில் இன்னாருடைய வைக்கோல் போரில் ஒளித்தேன், வந்தால் காட்டுகிறேன்’ என்று சொன்னதாகப் பதிவு. ஈட்டியும் கிடைத்தது. பிரிவி கவுன்சில் அந்த வாக்கியத்தைக் கத்தரி போட்டது. ஒளித்தேன், காட்டுகிறேன் என்பது செல்லும், அடித்துக் கொன்றோம் என்பது செல்லாது.

கீழ்க் கோர்ட்டுகளில் இந்தக் கத்தரியைத்தான் காணோம். குற்றப்பத்திரிகையில் முழு ஒப்புதலையும் அடித்து வைத்து, கடைசியில் ‘கத்தியைக் காட்டுகிறேன்’ என்று ஒரு வரி. நீதிபதி கண்ணில் முழுவதும் பட்டுவிடுகிறது. எத்தனை புதர்களிலிருந்து எத்தனை கத்திகள், பொருளைக் கைப்பற்றியதாக எழுதும் எல்லா மகஜரிலும் அதே நடை. என்னைக் கேட்டால் நம் காவல் நிலையங்களில் அடி விழுவதற்குப் பெரிய ஊக்கம் இந்த வரம்புரைதான்.

ஓசூர்_தினசரி

கிட்டி, வைக்கோல் போர் எல்லாம் இருக்கட்டும். நம் காலத்துக் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. ராஜீவ் காந்தி கொலை வழக்கின் பேரறிவாளன். இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்ததாக வழக்கு. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில் எஸ்பி நிலை அதிகாரி எடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லும். 1999-இல் உச்ச நீதிமன்றம் தடா குற்றங்கள் பொருந்தாது என்றது, ஆனால் தடாவில் எடுத்த வாக்குமூலத்தை மட்டும் வைத்துக்கொண்டது. வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார்: பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்ன வாக்கியத்தைத் தான் எழுதவில்லை என்று. ஒரு வாக்கியம். 2022 மே 18-இல்தான் உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுதலை செய்தது, உள்ளே போனது 1991-இல்.

பேனா யார் கையில் இருக்கிறதோ அவர் எழுதுவதுதான் வாக்குமூலம். அடிக்கக்கூட வேண்டாம்.

மேயோஹால்_வக்கீல்

இதைத்தான் சொல்ல வந்தேன். 20(3) போஸ்டரில் இருக்கும் உரிமை. தினப்படி ஆளைக் காப்பாற்றுவது ‘போலீசிடம் சொன்னது செல்லாது’ என்ற அந்த 1861 விதி. ஆகவே அதைச் சுற்றிக்கொண்டு போகத்தான் எப்போதும் வழி தேடுகிறார்கள். ஒன்று, தடா, பொடா மாதிரி தனிச் சட்டம் போட்டுச் செல்லும் என்று எழுதிவிடுவது. மகாராஷ்டிரத்தின் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டமான மோக்கா இன்றும் அப்படித்தான், கர்நாடகத்திலும் 2000-இல் அதே அச்சில் ஒன்று போட்டார்கள். இன்னொன்று, கேள்வி கேட்பவர் போலீசே இல்லை என்று சொல்லிவிடுவது. சுங்கத் துறை விஷயத்தில் கோர்ட் ரொம்ப நாளாகவே அப்படித்தான் சொல்லி வருகிறது. போதைப் பொருள் வழக்குகளில் இந்தக் கதையை 2020-இல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு வழக்கில் நிறுத்தினார்கள், மூன்றில் இரண்டு நீதிபதிகள். அமலாக்கத் துறை விஷயத்தில் மட்டும் 2022 ஜூலையில் விஜய் மதன்லால் வழக்கில், அவர்கள் போலீஸ் அல்ல, அவர்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வாக்குமூலம் செல்லும் என்று தீர்ப்பு. சம்மன் வரும்போது நீங்கள் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ ஆகவில்லையாம், அதனால் 20(3)-ம் இல்லையாம். பொய் சொன்னால் தண்டனை, பதில் சொல்லாவிட்டால் அபராதம், சொன்னால் அதை வைத்தே வழக்கு. இந்தத் தீர்ப்பு எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. 2023 அக்டோபரில் பங்கஜ் பன்சல் வழக்கில், குற்றத்தை ஒத்துக்கொள்ளாததை ‘ஒத்துழைக்கவில்லை’ என்று சொல்லிக் கைது செய்ய முடியாது என்றார்கள், அது கொஞ்சம் ஆறுதல்.

லேப்_கோட்

பெங்களூரில் இருந்துகொண்டு நார்கோ பற்றி யாரும் பேசவில்லையே. 2000-களில் நாட்டின் எந்த மூலையில் பெரிய வழக்கு நடந்தாலும் ஆளை இங்கேதான் கொண்டுவருவார்கள். போலி முத்திரைத் தாள் வழக்கின் தெல்கி முதல் பலர். மயக்க மருந்து நிபுணர் சோடியம் பென்டதாலைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார், ஆள் முழு மயக்கத்துக்கும் போகாமல் முழு நினைவோடும் இல்லாமல் நடுவில் தொங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி. தெல்கி உளறிய வீடியோ டிவியிலேயே ஓடியது. அந்த நிலையில் மனிதர் கற்பனையும் சொல்வார், கேட்பவர் எடுத்துக்கொடுப்பதையும் திருப்பிச் சொல்வார். மருந்து நாக்கைத் தளர்த்தும், அவ்வளவே. உண்மையை மட்டும் பிரித்து எடுக்கும் வேதியியல் எதுவும் கிடையாது.

அதை நிறுத்தியதும் பெங்களூரு வழக்குதான். செல்வி எதிர் கர்நாடக அரசு, கோரமங்கலா காவல் நிலைய வழக்கிலிருந்து கிளம்பியது. 2010 மே 5-ஆம் தேதி தீர்ப்பு. சம்மதம் இல்லாமல் நார்கோ, பொய் கண்டறியும் சோதனை, மூளை மின்னலைச் சோதனை மூன்றும் கூடாது. சம்மதித்துச் செய்தாலும் முடிவை அப்படியே சாட்சியமாக வைக்க முடியாது. ஆனால் அதன் வழியாகப் பொருள் ஏதாவது கிடைத்தால் வக்கீல் சொன்ன அந்த 27-ஆம் பிரிவு வந்து நிற்கும்.

சில்க்போர்டு_சித்தர்

அப்படியானால் சனிக்கிழமை ராத்திரி இந்திரா நகரில் ஊதச் சொல்கிறார்களே, அதற்கு 20(3) சொல்லித் தப்பிக்கலாமா? நண்பனுக்காகக் கேட்கிறேன்.

லேப்_கோட்

நண்பரை ஆட்டோவில் போகச் சொல்லுங்கள். மூச்சு, ரத்தம், முடி எல்லாம் உடம்பு. குரல் மாதிரிகூட அந்தப் பக்கம்தான் என்று 2019-இல் ரித்தேஷ் சின்ஹா வழக்கில் சொல்லிவிட்டார்கள், புது சன்ஹிதாவிலேயே 349-ஆக ஏறிவிட்டது.

ரூட்_அக்சஸ்

பூனை கேட்ட போன் கேள்விக்கு வரலாமா? உடம்பு, மனது என்ற அந்தக் கோடு போனில்தான் நொண்டுகிறது. பாஸ்வேர்ட் என் தலைக்குள் இருக்கிறது, அதைச் சொல்ல வைப்பது மனதைத் திறக்க வைப்பது. கைரேகையோ முகமோ உடம்பு. ஒரே போன், ஒரே தகவல், ஆனால் விரலை வைத்தால் உரிமை இல்லை, எண்ணை அழுத்தினால் உரிமை உண்டு!

மேயோஹால்_வக்கீல்

கிண்டலாகச் சொன்னாலும் டெல்லியில் 2022 அக்டோபரில் ஒரு சிறப்பு சிபிஐ நீதிமன்றம் கிட்டத்தட்ட அப்படியேதான் சொன்னது. பாஸ்வேர்டுக்குக் கட்டாயப்படுத்த முடியாது, கைரேகை போன்றவற்றை எடுக்கலாம். 2023 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றமும், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது பாஸ்வேர்டைச் சொல்லும்படி நிர்ப்பந்திக்க முடியாது என்றது. ஆனால் நாம் இருப்பது கர்நாடகம். இங்கே உயர் நீதிமன்றம் 2021 மார்ச்சில் வேறு வழி போனது. பாஸ்வேர்ட் கொடுப்பது சாட்சி சொல்வது ஆகாது, அது கைரேகை போலத்தான் என்றது. அதே தீர்ப்பு, அவசர நிலை இல்லாவிட்டால் போனுக்குள் தேட சோதனை வாரண்ட் வேண்டும் என்றும் சொல்கிறது. சம்மதம் இல்லாத பொய் கண்டறியும் சோதனை உத்தரவையும் ரத்து செய்தது. அப்புறம், போனில் கிடைத்தது மட்டுமே குற்றத்தை நிரூபித்துவிடாது என்றும் இருக்கிறது.

எனவே மாமாவிடம் ‘போனைத் திற’ என்று வாய்வார்த்தையாகக் கேட்டால், எழுத்தில் தாருங்கள், வாரண்ட் இருக்கிறதா என்று பணிவாகக் கேட்கலாம். அவருக்கு உதவும் கேமரா விளம்பரம், வாங்கியவனோடு நடந்த உரையாடல், வங்கிப் பட்டியல் மூன்றையும் அச்செடுத்து அவரே கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கட்டும். பாதி நேரம் அதோடு முடிந்துவிடும்.

கணக்கு_முடங்கியவள்

இவ்வளவு நேரம் படித்தேன். நான் எதிர்ப் பக்கம் இருப்பவள். ‘டிஜிட்டல் கைது’ என்று வீடியோ காலில் மிரட்டி என் சேமிப்பை வாங்கிக்கொண்டார்கள். பணம் போன முதல் கணக்கின் சொந்தக்காரன் கிடைத்தான். அவன் ஒன்றும் பேசவில்லை. வக்கீல் சொல்லிக் கொடுத்திருப்பார் போல. என் பணத்துக்கு எந்தச் சட்டப் பிரிவு?

மேயோஹால்_வக்கீல்

அம்மா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அவன் பேசாததால் உங்கள் பணம் போகவில்லை. முதல் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது, எந்த ஏடிஎம்மில் எடுத்தார்கள், எந்த சிம்மில் ஓடிபி வந்தது என்பதற்கெல்லாம் அவன் வாய் தேவையில்லை. வங்கிப் பதிவு போதும். அதைக் கேட்டு வாங்குவதில் தாமதம். 1930-க்கு அழைத்தீர்களா, புகார் எண் இருக்கிறதா? முடக்கிய தொகை ஏதாவது எந்த வங்கியிலாவது நிற்கிறது என்றால் அதைத் திருப்பித் தரும்படி மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். விவரத்தைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், மனு மாதிரி தருகிறேன்.

கணக்கு_முடங்கியவள்

எண் இருக்கிறது. அனுப்புகிறேன். ஆனால் பேசாமல் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்கிறது, அதை மாற்ற முடியாது.

ஈசிட்டி_பூனை

எல்லோருக்கும் நன்றி. மாமாவிடம் படித்துக் காட்டினேன். அக்கா அந்த ‘மௌனம் சம்மதம்’ விஷயத்தை விட மாட்டேன் என்கிறாள். இன்னொரு சந்தேகம். கேமரா மாமாவின் அம்மா பேரில் வாங்கியது, பில் அவர் பேரில். அவரையும் கூட்டி வரச் சொல்லி இன்று போன் வந்தது. அவருக்கு 62 வயது, முழங்கால் வலி.

மேயோஹால்_வக்கீல்

அக்காவிடம் சொல்லுங்கள்: குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறாமல் இருந்ததைப் பற்றி எதிர்த் தரப்போ நீதிபதியோ விமர்சிக்கவே கூடாது என்று சன்ஹிதாவின் 353-இல் எழுதியே இருக்கிறது.

மாமாவின் அம்மா போக வேண்டியதில்லை. அதே 179, வரம்புரையைப் படியுங்கள். பெண்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், 15 வயதுக்கு உட்பட்ட பையன்கள், கடும் நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரை அவர்கள் குடியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். அவராக விரும்பினால் மட்டும் வரலாம். 1978-இல் ஒடிசா முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதியைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்ததற்கே நீதிபதி கிருஷ்ண ஐயர் போலீசைக் கண்டித்தார். போலீஸ் விசாரணையிலும் 20(3) உண்டு, பக்கத்தில் வக்கீல் இருக்கலாம் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். ‘வீட்டுக்கு வந்து கேளுங்கள்’ என்று ஒரு வரி எழுதி, அந்த நிலையத்தின் மின்னஞ்சலுக்கும் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிடுங்கள். மாமா போகும் நாளில் நம் ஜூனியர் ஒருவரைக் கூட அனுப்புகிறேன். பில் அசலைக் கொடுக்காதீர்கள், நகல் போதும்.